டெக்கால்: தமிழில் பெயர்ப்புப்படம்

சிங்கப்பூரின் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஓவியப் பொருள் விற்கும் கடையில் போய், குடும்பப் படம் ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் பதிக்க என்ன வாங்கலாம் என்று கேட்டால், பெரும்பாலும் ‘வாட்டர் ஸ்லைடு டெக்கால் பேப்பர்’ என்று எழுதிய உறையைத்தான் எடுத்துத் தருவார்கள். அமெரிக்கர்கள் ‘டீக்கல்’ என்பார்கள். நம்மவர்களில் பலர் ‘ஸ்டிக்கர்’ என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் ஸ்டிக்கர் வேறு, டெக்கால் வேறு. ஸ்டிக்கரில் படம் அச்சான தாளே பொருளின்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. டெக்காலில் தாள் குப்பைக்குப் போய்விடும். அதன்மேல் பூசியிருந்த மெல்லிய ஒளிபுகு படலம் மட்டும் மையைச் சுமந்துகொண்டு பொருளுக்கு இடம் மாறும். விரலால் தடவினால் விளிம்பு தெரியாத அளவுக்கு அது படிந்துவிடும் என்பதுதான் இந்தத் தாளுக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்குக் காரணம்.

டெக்கால் என்பது வெட்டிக் குறுக்கிய சொல். முழு வடிவம் ‘டெக்கால்கோமேனியா’, பிரெஞ்சில் ‘டெகால்கோமனி’. இதன் முன்பகுதி ‘டெகால்கே’ என்ற வினை. ஒரு தாளில் உள்ள உருவத்தை இன்னொரு பரப்புக்கு அழுத்தி மாற்றுவது என்று பொருள். அது இத்தாலிய மொழியின் ‘கால்காரே’யிலிருந்து வந்தது, மிதித்தல், அழுத்துதல். இன்னும் பின்னால் போனால் லத்தீனில் ‘கால்க்ஸ்’, அதாவது குதிகால். சொல்லின் பின்பகுதி கிரேக்க வழி வந்த ‘மனி’, பித்து. 1860களில் இங்கிலாந்தில் பெட்டி, விசிறி, ஜாடி என்று கையில் கிடைத்ததில் எல்லாம் படம் பெயர்த்து ஒட்டும் மோகம் பரவியபோது இந்தச் சொல் ஆங்கிலத்தில் நுழைந்தது. பிறகு பித்து தணிந்தது. சொல்லின் வாலும் உதிர்ந்தது.

தொழில்நுட்பமோ சொல்லைவிட ஏறத்தாழ நூறாண்டு மூத்தது. 1756இல் லிவர்பூலில் ஜான் சாட்லர், கய் கிரீன் என்ற இருவர், ஆறு மணி நேரத்தில் 1,200க்கும் மேற்பட்ட ஓடுகளில் படம் அச்சிட்டுக் காட்டியதாக உறுதிமொழி ஆவணம் ஒன்றில் கையெழுத்திட்டார்கள். தூரிகையால் ஒவ்வோர் ஓடாக வரைந்துகொண்டிருந்த காலத்தில் அது பெரிய பாய்ச்சல். இங்கே கூன் செங் ரோட்டுக் கடைவீடுகளின் பூ ஓடுகளைப் பார்த்துவிட்டு அவையும் டெக்கால் என்று சிலர் நினைக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை மேடு பள்ளமாக அச்சில் அழுத்தி, பள்ளங்களில் வண்ண மெருகு நிரப்பிச் சுட்டவை. தடவிப் பார்த்தாலே வேறுபாடு புரியும்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? ‘ஒட்டுப்படம்’ போதாது. ஒட்டுகிற எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். படத்துண்டுகளை ஒட்டி ஆக்கும் கொலாஜுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஸ்டிக்கருக்கு ‘ஒட்டுவில்லை’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே புழங்குகிறது, அது அங்கேயே இருக்கட்டும். ‘மாற்றுப்படம்’ என்றால் மாற்று சினிமாவோ என்று தோன்றும். ‘படி’ என்ற சொல்லையும் எண்ணிப் பார்க்கலாம். கல்வெட்டின்மேல் ஈரத்தாளை அறைந்து, மை ஒற்றி எடுப்பதை மைப்படி என்கிறோம். ஆனால் அதில் மூலம் கல்லிலேயே இருக்க, நகல்தான் நம் கைக்கு வருகிறது. டெக்காலில் தாளில் எதுவும் மிஞ்சுவதில்லை. படமே கிளம்பிப் போய்விடுகிறது.

இதற்கு வாகான வினை நம்மிடம் அன்றாடம் இருக்கிறது: பெயர்த்தல். சுவரில் காரை பெயர்ந்துவிட்டது என்கிறோம், ஓட்டைப் பெயர்த்தெடு என்கிறோம், இடம்பெயர்ந்தார் என்கிறோம். பிடித்திருந்த இடத்தை விட்டு அகலுவதும், வேறிடத்தில் போய் அமைவதும் இந்த ஒரே வினையில் அடங்குகின்றன. தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளில் ஒன்றாக ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்பதைச் சொல்கிறது. பிரெஞ்சிலும் இதற்கு இணை உண்டு. ‘டெகால்கே’க்கு மூலமான ‘கால்கே’ என்ற வினையிலிருந்துதான் ‘கால்க்’ என்ற மொழியியல் சொல் வந்தது. வேற்றுமொழிச் சொல்லை உறுப்புக்கு உறுப்பாகத் தன் மொழியில் பெயர்த்து ஆக்குவதைக் குறிப்பது. மொழிக்கும் படத்துக்கும் அங்கே ஒரே வேர். இங்கேயும் மொழிபெயர்ப்பு என்ற சொல்லின் பக்கத்திலேயே ‘படப்பெயர்ப்பு’ இயல்பாக உட்காரும்.

ஆகவே டெக்காலுக்குப் பெயர்ப்புப்படம், டெக்கால் பேப்பருக்குப் பெயர்ப்புத்தாள். வகை பிரிக்க வேண்டியபோது, தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி எடுப்பதை நீர்ப்பெயர்ப்புத்தாள் என்றும், இஸ்திரிப் பெட்டியால் துணியில் பதிப்பதை வெப்பப்பெயர்ப்புத்தாள் என்றும் சொல்லலாம். ‘பெயர்’ என்றால் நாமம்தானே, குழப்பாதா என்ற தயக்கம் தேவையில்லை. ‘பெயர்ப்பு’ என்று வலிமிகுந்து வரும்போது வினைப்பொருள்தான் காதில் விழுகிறது.

இனித் தாளைப் பற்றி. நீர்ப்பெயர்ப்புத்தாளில் அடியில் உறிஞ்சுதாள், அதன்மேல் மாவுப்பொருளிலிருந்து எடுக்கும் டெக்ஸ்ட்ரின் என்ற பசை, அதற்கும் மேலே படலம். தண்ணீர் தாள் வழியாக ஏறிப் பசையைக் கரைக்க, படலம் வழுக்கத் தொடங்கும். உறையை வாங்கும்போது இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். முதலாவது, இங்க்ஜெட்டுக்கா லேசருக்கா? இங்க்ஜெட் தாளை லேசர் பிரிண்டரில் விட்டால், உள்ளே 180 டிகிரி வாக்கில் சூடேறும் உருளையில் படலம் உருகி ஒட்டி, இயந்திரமே பழுதாகும். சன்ஷைன் பிளாசா அச்சுக்கடைகளுக்கு நாமே தாள் கொண்டுபோனால் அவர்கள் தயங்கக்கூடும், காரணம் இதுதான். லேசர் தாள் என்று அச்சிட்ட உறையோடு கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். மாறாக, லேசர் தாளை இங்க்ஜெட்டில் விட்டால் மை உள்ளே இறங்காமல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும்.

இரண்டாவது கேள்வி, தெளிவா வெள்ளையா? வீட்டுப் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் பிரிண்டர் எதையும் அச்சிடுவதில்லை. தாளின் வெண்மையையே நம்பியிருக்கிறது. தெளிந்த படலத்தில் அச்சிட்ட முகத்தைத் தேக்குப் பலகையில் வைத்தால் பல்லும் கண்ணும் பழுப்பாகிவிடும். கறுப்புக் குவளையில் முகமே காணாமல் போகும். வெளிர் நிறப் பரப்புக்குத் தெளிந்த தாள், இருண்ட பரப்புக்கு வெள்ளைத் தாள். வெள்ளைத் தாளில் உருவத்தின் ஓரம் பிசகாமல் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைக் கரை தெரியும். முடி கலைந்திருக்கும் முகத்தை அப்படி வெட்ட முடியாது. வட்டமாகவோ சதுரமாகவோ வெட்டுவதே நல்லது.

பழைய ஆல்பத்துப் படத்தை ஒருபோதும் வெட்டாதீர்கள். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்துகொண்டு, 300 டிபிஐயில் அச்சிடுங்கள். 10 செ.மீ. அகலத்துக்கு ஏறக்குறைய 1,200 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கித்தான் வந்திருக்கும். அனுப்பியவரிடம் ‘டாக்குமென்ட்’ ஆக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டூடியோவில் கழுவிய 4ஆர் படத்தையே நேராகப் பெயர்க்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். முடியாது. அந்தத் தாளின் இரு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு உண்டு, படம் அதன்மேல் ஜெலட்டின் அடுக்குக்குள் இருக்கிறது. ஊறவைத்தால் படம்தான் கெடும்.

இங்க்ஜெட்டில் அச்சிட்டால் தண்ணீரில் போடுவதற்குமுன் மையைப் பூட்ட வேண்டும். அச்சான தாளை அரை மணி நேரம் காயவிட்டு, தெளிந்த அக்ரிலிக் ஸ்பிரேயை 25 முதல் 30 செ.மீ. தள்ளி நின்று மூன்று முறை மெலிதாகத் தெளியுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே 15 முதல் 20 நிமிடம். முதல் பூச்சு கனமானால் மை ஓடிவிடும். படத்தைச் சுற்றி 2, 3 மி.மீ. வெற்று ஓரம் விட்டு வெட்டினால் ஓரத்தின் வழியே தண்ணீர் மைக்குள் புகாது. ஊறும்போது தண்ணீரில் நிறம் கசிந்தால், எங்கோ பூச்சு விட்டுப்போயிருக்கிறது என்று அறியலாம். லேசர் அச்சுக்கு இந்த வேலையே இல்லை, அதன் மைத்தூளான டோனர் தண்ணீரில் கரையாது.

சிங்கப்பூரில் அதிகம் கெடுவது இந்த ஸ்பிரே கட்டத்தில்தான். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது தெளித்தால், பூச்சிலுள்ள கரைப்பான் ஆவியாகிக் குளிரும் வேகத்தில் ஈரம் பூச்சின்மேல் படிந்து, பால் தெளித்ததுபோல் வெளுத்துவிடும். இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 82 விழுக்காடு. விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத நாளில் பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். எனவே வெயில் அடிக்கும் பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் தெளிப்பதே உத்தமம். தீபாவளியை ஒட்டிய வாரங்களில் பிற்பகலில்தான் இடியோடு கொட்டும்; அந்த வேலையை முன்கூட்டியே முடித்துவையுங்கள். அட்டைப் பெட்டி ஒன்றைப் படுக்கவைத்து, அதற்குள் தாளை வைத்து, திறந்த ஜன்னல் ஓரமாகத் தெளிக்கலாம். வாயு எரியக்கூடியது என்பதால் சமையல் அடுப்பு எரியும்போது கூடவே கூடாது. பொது நடைபாதையில் தெளித்தால் அடுத்த வீட்டாருக்கு நெடி தலைவலியைத் தரும்.

பொருளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து எண்ணெய்ப் பசை போக்குங்கள். வெட்டிய துண்டை அறை வெப்பத் தண்ணீரில் 30 முதல் 60 வினாடி போடுங்கள். முதலில் சுருளும், பிறகு தானே விரியும். விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்து, படலம் தாளின்மேல் நகர்ந்தால் அதுதான் பதம். தண்ணீரிலேயே முழுக்கக் கழற்றிவிடாதீர்கள். பசை கழுவுண்டு போவதோடு, படலம் மடிந்து தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது. தாளோடு எடுத்துப் பொருளின்மேல் வைத்து, படலத்தை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு அடியிலிருந்து தாளை உருவுங்கள். இடத்தைச் சரிசெய்ய அரை நிமிடம்போல் கிடைக்கும். பிறகு பழைய ஈஸி-லிங்க் பயண அட்டையில் மெல்லிய துணியைச் சுற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரையும் காற்றையும் தள்ளுங்கள். அடம்பிடிக்கும் குமிழை மெல்லிய ஊசியால் குத்தி அழுத்தினால் படிந்துவிடும். 24 மணி நேரம் காயட்டும். ஓவனில் சுடும்படி உறையில் சொல்லியிருந்தால் பொருளைக் குளிர்ந்த ஓவனில் வைத்துப் படிப்படியாகச் சூடேற்றுங்கள். உள்ளே மிஞ்சிய ஈரம் சட்டென ஆவியானால் படலம் கொப்புளிக்கும்.

படத்தை இடவலம் திருப்பி அச்சிடுவதா என்பது எப்போதும் வரும் குழப்பம், பெயரும் வாழ்த்தும் தமிழில் இருந்தால் தவறு உடனே கண்ணில் உறுத்தும். விதி எளியது: படத்தின் முகம் பொருளைப் பார்த்துக் கவிழ்ந்தால் திருப்பி அச்சிட வேண்டும், நம்மைப் பார்த்து நிமிர்ந்திருந்தால் வேண்டாம். நீர்ப்பெயர்ப்பில் தாளை அடியிலிருந்து உருவுகிறோம், முகம் நிமிர்ந்தே இருக்கும். வெளிர் துணிக்கான வெப்பப்பெயர்ப்பிலும், தோலில் ஒட்டும் தற்காலிகப் பச்சைகுத்தலிலும் முகம் கவிழும். கறுப்புச் சட்டைக்கான தாளை முதலில் உரித்து நிமிர்த்தி வைப்பதால் திருப்பக் கூடாது.

மரப்பலகைக்கு விலை மலிவான இன்னொரு வழி உண்டு. சாதாரணத் தாளில் லேசரில் திருப்பி அச்சிட்டு, பலகையில் அக்ரிலிக் ஜெல் தடவி, படத்தைக் கவிழ்த்து அழுத்தி ஓர் இரவு காயவிடுங்கள். மறுநாள் தாளை நனைத்து, விரல் நுனியால் உருட்டி உருட்டித் தாள்நாரை நீக்கினால் டோனர் மரத்திலேயே நின்றுவிடும். அவசரப்பட்டால் முகத்தோடு உரிந்து வரும். ஆங்காங்கே மங்கிய பழைய தோற்றம் பிடித்தவர்களுக்கு இதைவிட நல்ல முறை இல்லை.

பெயர்ப்புப்படத்துக்கு ஏற்ற பொருள்களில் முதலிடம் 10 செ.மீ. மெருகு ஓட்டுக்குத்தான். தட்டையானது, உறிஞ்சாது, தே தாரே தேநீர்க் குவளை வைக்க உதவும். மேலே வார்னிஷ் இரு பூச்சு கொடுங்கள். முறுக்கு அடைக்கும் சிவப்பு மூடிப் பிளாஸ்டிக் ஜாடியில் தெளிந்த படலத்தில் அடர்ந்த நிற எழுத்து அழகாக நிற்கும். ஜாடியை மட்டும் சூடாக்காதீர்கள். குவளையில் வெளிப்பக்கம் மட்டும், வாய் படும் விளிம்பிலிருந்து 2 செ.மீ. கீழே ஒட்டிக் கையால் கழுவுங்கள். அடியில் குறுகும் வடிவக் குவளையில் 5 செ.மீ.க்கு மேற்பட்ட படம் சுருக்கம் விழும். மண் அகலில் நேராக ஒட்டாது. மண் நீரை உறிஞ்சிவிடும், எண்ணெயும் கசியும். தீபத்துக்கு ஆசைப்பட்டால் அகன்ற கண்ணாடிக் குவளையின் வெளிப்புறம் ஒட்டி, சுடர் கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் வையுங்கள். படலம் எரியக்கூடியது.

மிச்சத் தாளை சிலிகா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் போட்டுத் தட்டையாகப் படுக்கவையுங்கள். ஈரம் ஏறிய தாள் சுருண்டு பிரிண்டரில் சிக்கும். பசை இளகி, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியும் போகும்.