பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

இங்கிலாந்தில் ஒயின் கடையில் வேலை பார்க்கிறேன். ஜூன் பிறந்துவிட்டால், "இங்கேயே செய்த ஸ்பார்க்லிங் ஒயின் ஒன்று கொடுங்கள்" என்று, நுரைத்துப் பொங்கும் ஒயினை, தினமும் யாராவது கேட்பார்கள். கேட்கிறவர்களில் பலர் முன்பக்க லேபிளில் 'பிரிட்டிஷ்' என்று இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

போன கோடையில் ஒரு அம்மா வேறெங்கோ வாங்கிய பாட்டிலோடு வந்தார். மகள் பட்டம் வாங்கியதற்காக சசெக்ஸ் திராட்சைத் தோட்டத்து ஒயின் என்று நம்பி வாங்கியது. வாயில் வைத்தால் சர்க்கரைத் தண்ணீர். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அடர்த்தியாக்கிய திராட்சைச் சாறு வெளிநாட்டிலிருந்து வரும். இங்கே தண்ணீர் சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். அதற்குத்தான் இந்த வியாபாரத்தில் 'பிரிட்டிஷ் ஒயின்' என்று பெயர். சட்டப்படி தவறே இல்லை, ஆனால் அது வேறு பொருள். இந்த மண்ணில் விளைந்த திராட்சை வேண்டுமென்றால் 'இங்கிலீஷ்' அல்லது 'வெல்ஷ்' என்று லேபிளில் இருக்க வேண்டும். அந்த அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்த பிறகு, கேட்காதவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அசல் சரக்குக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் இருப்பது போன்ற சுண்ணாம்பு மண் சசெக்ஸ், கென்ட், ஹாம்ப்ஷயர் பக்கமும் உண்டு. 1988-இல் நைட்டிம்பர் தோட்டத்தில் ஒரு அமெரிக்கத் தம்பதி ஷார்டனே, பினோ நுவார், மூனியே என்ற திராட்சை வகைகளின் கொடிகளை நட்டபோது நம்பியவர்கள் குறைவு. 2017-இல் பிரான்சின் டெட்டாஞ்சே ஷாம்பெயின் நிறுவனமே கென்ட்டில் கொடி நட்டது. குளிர்ந்த ஊர் என்பதால் திராட்சையில் புளிப்பு தூக்கலாக இருக்கும், பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி. அதுதான் இதன் அழகு.

விலை ஏன் கூடுதல் என்று கேட்பார்கள். நல்ல பாட்டிலில் நுரை உள்ளேயே பிறக்கிறது: இரண்டாம் முறை பாட்டிலுக்குள் புளிக்க வைத்து, ஈஸ்ட் வண்டலோடு மாதக்கணக்கில் கிடத்திவைப்பார்கள். 'டிரெடிஷனல் மெத்தட்' என்று லேபிளில் இருந்தால் அதுதான். பெரிய தொட்டியில் புளிக்க வைப்பதும் உண்டு. சோடா மாதிரி வாயுவை ஏற்றுவதும் உண்டு. விலை குறைய அவையும் காரணம்.

இனிப்பு விஷயத்தில் ஒரு குழப்பம். 'எக்ஸ்ட்ரா டிரை' என்றால் இனிப்பே இராது என்று நினைப்போம். உண்மையில் அதில் 'புரூட்' என்று லேபிளில் போட்ட ஒயினைவிட இனிப்பு கூடுதல்.

அப்புறம், யூனிட் கணக்கு, அதாவது குடிக்கும் ஆல்கஹாலின் அளவு. லேபிளில் உள்ள ஆல்கஹால் சதவீதமே ஒரு லிட்டரில் உள்ள யூனிட். 12 சதவீத ஒயின், 750 மில்லி பாட்டில் என்றால் 9 யூனிட். வாரத்துக்கு 14-ஐத் தாண்டாமல், அதையும் சில நாட்களுக்குப் பிரித்துக் குடிப்பது நல்லது என்று 2016-இல் அரசின் தலைமை மருத்துவ அதிகாரிகள் சொன்னார்கள். தோட்டத்து விருந்தில் கிளாஸ் காலியாகும் முன்பே மறுபடி நிரப்புவார்கள், கணக்கு தப்பிவிடும். கார் ஓட்டுகிறவர் தொடாமலே இருப்பது நல்லது. ஸ்காட்லாந்தில் சட்ட வரம்பு இங்கிலாந்தைவிடக் குறைவு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

லேசாக வேண்டுமென்றால் ஹெர்ஃபோர்ட்ஷயர், குளோஸ்டர்ஷயர் பக்கத்துப் 'பெர்ரி'யைச் சொல்வேன், பேரிக்காய்ச் சாற்றைப் புளிக்க வைத்த பானம். சாமர்செட்டில் பிறந்து 1950-களில் நாடெங்கும் பிரபலமான 'பேபிசாம்' என்ற பானமும் 'பெர்ரி'தான்; ஷாம்பெயின் என்று இன்றும் நினைப்பவர்கள் உண்டு.

மது வேண்டாதவர்களுக்கு எல்டர் செடியின் பூவில் செய்யும் எல்டர்ஃப்ளவர் பானம் இருக்கிறது. 'ஷாம்பெயின்' என்ற பெயரை அதற்கு வைக்கக் கூடாது என்று 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே தடுத்தது. ஆனால் வீட்டில் புளிக்க வைத்த எல்டர்ஃப்ளவரைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்; அதில் ஆல்கஹால் இருக்கும். செய்வதானால் பூவை மட்டும் எடுங்கள், இலையிலும் தண்டிலும் நஞ்சு உண்டு. கண்ணாடிப் பாட்டிலில் இறுக்கி மூடிவைத்தால் வெடிக்கும்.

ஸ்பார்க்லிங் ஒயினின் கார்க்கிலும் ஆபத்து உண்டு. பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல். வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்து அப்படியே திறந்தால் கண் போகும் அபாயம் உண்டு. நன்றாகக் குளிர வையுங்கள். கம்பியைத் தளர்த்தும் நொடியிலிருந்து கட்டைவிரல் கார்க்கின் மேலேயே இருக்கட்டும். ஆள் இல்லாத பக்கம் சாய்த்து, கார்க்கை அசையாமல் பிடித்து, பாட்டிலைத் திருகுங்கள். 'டப்' என்று வெடிக்காமல் 'ஸ்ஸ்' என்று மெல்லக் கழன்று வரும்.