அறிமுக நாள் வேறு, சாவி கைக்கு வரும் நாள் வேறு

2019 ஜூலை 18 மாலை, கலிபோர்னியாவின் டஸ்டின் நகரில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படை தன் காற்றுக் கப்பல்களை நிறுத்தக் கட்டிய ஒரு பெரிய மரக் கொட்டகைக்குள், எட்டாம் தலைமுறை செவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் அறிமுகமானது. 1953 முதல் முன்பக்கத்திலேயே இருந்த என்ஜின், விற்பனைக்கு வரும் கார்வெட்டில் முதன்முறையாக ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. தொடக்க விலை 60,000 டாலருக்குள் இருக்கும் என்று மேடையில் சொன்னார்கள். மறுநாள் காலை, நான் ஆர்டர் பிரிவில் வேலை பார்த்த அமெரிக்க டீலர்ஷிப்பின் கதவு திறக்கும் முன்பே வாசலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். தொலைபேசியில் அழைத்தவர்களையும் சேர்த்து எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: எப்போது வரும்?

அந்தக் கேள்விக்கு விற்பனைக்காரர்கள் சொன்ன பதில், "இந்த வருடக் கடைசியில்." அது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆண்டு இறுதியில் உற்பத்தி தொடங்கும் என்றுதான் செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்திருந்தது. உற்பத்தி தொடங்குவதை, கார் தன் வீட்டு வாசலில் நிற்பதாக வாடிக்கையாளர் எடுத்துக்கொண்டார். விற்பனைக்காரரும் அதைத் திருத்தவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை படிகள் உள்ளன என்பதை ஆர்டர் மேசையில் உட்காருபவர்களைத் தவிர மற்றவர்கள் பார்ப்பதேயில்லை என்பதால், பார்த்தவனாக இதை எழுதுகிறேன்.

அந்த ஆண்டு அக்டோபரில் தமிழர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். ஓய்வுபெற்ற பொறியாளர், என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். வேறொரு ஊரில் உள்ள டீலரிடம் 2,000 டாலர் அட்வான்ஸ் கட்டியிருந்தார். டிசம்பரில் புதிய கார் வந்துவிடும் என்று அங்கே சொன்னதை நம்பி, தன்னிடம் இருந்த ஏழாம் தலைமுறை கார்வெட்டைச் செப்டம்பரிலேயே விற்றுவிட்டார். நான்காக மடித்த ரசீது ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் மேசையில் விரித்து, "தம்பி, இதைப் பார்த்துத் தேதி மட்டும் சொல்லுங்கள், போதும்" என்றார்.

ரசீதில் அவர் பெயர், தொகை, கட்டிய தேதி, கீழே கிறுக்கலாக ஒரு கையெழுத்து, ஓரத்தில் நீல மையில் வட்டமிட்ட 34 என்ற எண் ஆகியவை இருந்தன. ஆர்டர் எண் எங்கே என்று கேட்டேன். அந்த 34தான் ஆர்டர் எண் என்றார். இல்லை. தயாரிப்பு நிறுவனத்தின் கணினியில் ஓர் ஆர்டரைப் பதிந்தால் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள் கொண்ட எண் கிடைக்கும். அவர் கையில் இருந்தது, அந்த டீலரின் நோட்டுப் புத்தகத்தில் அவர் முப்பத்து நான்காவது ஆள் என்ற குறிப்பு மட்டுமே. நிறுவனத்தைப் பொறுத்தவரை அப்படி ஒரு வாடிக்கையாளர் இருப்பதே அதற்குத் தெரியாது.

இங்கேதான் ஒதுக்கீடு என்ற விஷயம் வருகிறது. தேவை அதிகமாகவும் உற்பத்தி குறைவாகவும் இருக்கும் காரை, கேட்ட டீலருக்கெல்லாம் கேட்ட எண்ணிக்கையில் கொடுக்க முடியாது. ஆகவே, முந்தைய காலத்தில் எந்த டீலர் எத்தனை கார்வெட் விற்றார் என்ற கணக்கை வைத்தே பெரும்பாலும் பங்கு பிரிக்கிறார்கள். வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் விற்கும் டீலர்கள் அமெரிக்காவில் உண்டு. இரண்டு மூன்று விற்பவர்கள் அதைவிட மிக அதிகம். அட்வான்ஸ் வாங்க மட்டும் இரு தரப்புக்கும் எந்தத் தடையும் இல்லை. பொறியாளரை வைத்துக்கொண்டே அவருடைய டீலரைத் தொலைபேசியில் அழைத்து, முதல் ஆண்டில் உங்களுக்கு எத்தனை கார் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். சிறிது தயக்கத்துக்குப் பிறகு, "ஐந்தோ ஆறோ" என்றார்கள். வரிசையில் முப்பத்து நான்காவது ஆள், ஆண்டுக்கு ஆறு கார். பொறியாளருக்கு நான் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை. ரசீதை மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அட்வான்ஸ் கட்டும் முன் ஒருவர் கேட்க வேண்டியவை வேறு. உங்கள் கடைக்கு இதுவரை உறுதியான ஒதுக்கீடு எத்தனை, எனக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள், என் ஆர்டர் கணினியில் ஏறிவிட்டதா, நான் விலகினால் பணம் முழுதாகத் திரும்பி வருமா, கடைசியாகச் சொன்ன இது ரசீதில் எழுத்தில் இருக்கிறதா? இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் தேதி மட்டும் தயக்கமில்லாமல் வரும்.

ஆர்டர் கணினியில் ஏறிய பிறகு காத்திருப்பின் தன்மையே மாறிவிடுகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் முறையில் ஒவ்வோர் ஆர்டருக்கும் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. 1100 என்றால் டீலர் விருப்பத்தைப் பதிந்திருக்கிறார், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ஒதுக்கீடு இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. 2000 என்றால் நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. 3000 என்றால் தொழிற்சாலையின் உற்பத்திக் கட்டுப்பாட்டுப் பிரிவு ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு நிறத்தையோ இருக்கையையோ மாற்ற முடியாது. ஏறக்குறைய அந்தக் கட்டத்தில்தான் உத்தேச உற்பத்தி வாரம் ஒன்று தெரியவரும். 3300 என்றால் உற்பத்தி அட்டவணையில் இடம் பெற்றுவிட்டது. 3800 என்றால் கார் கட்டி முடிந்தது. வாடிக்கையாளர்களிடம் நான் சொல்வது இதுதான்: 3000க்கு முன்னால் யார் எந்தத் தேதியைச் சொன்னாலும் அது ஊகம்; 3000க்குப் பின்னால் சொல்லும் வாரம் மதிப்பீடு. ஊகத்தை நம்பிப் பழைய காரை விற்கக் கூடாது. மதிப்பீட்டை நம்பி வங்கியில் கடன் விசாரிக்கத் தொடங்கலாம்.

மதிப்பீடும் தவறும் என்பதற்கு இந்தக் காரைப் போல உதாரணம் கிடைப்பது அரிது. 2019 செப்டம்பர் 16 அன்று ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கம் ஜெனரல் மோட்டார்ஸில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அது 40 நாட்கள் நீடித்தது. புதிய கார் இன்னும் உற்பத்தி லைனில் ஏறவே இல்லையே, அதற்கு என்ன பாதிப்பு என்று பலர் கேட்டார்கள். கார்வெட் தயாராவது உலகிலேயே ஒரே இடத்தில், கென்டக்கி மாநிலத்தின் பௌலிங் கிரீனில். பழைய தலைமுறையின் கடைசி ஆர்டர்களைக் கட்டி முடித்த பிறகே அந்த ஆலையைப் புதிய காருக்காக மாற்றியமைக்க முடியும். வேலைநிறுத்தத்தால் பழைய கார்கள் பின்தங்க, அவற்றோடு புதிய காரும் பின்தங்கியது. 2020 பிப்ரவரி தொடக்கத்தில்தான் விற்பனைக்கான முதல் கார்கள் லைனில் ஏறின. அதற்கு முன்பே, ஜனவரியில், ஸ்காட்ஸ்டேல் நகர ஏலத்தில் முதல் காருக்கான உரிமை 30 லட்சம் டாலருக்குப் போனது. டெட்ராய்ட் குழந்தைகளுக்கான அறக்கட்டளை ஒன்றுக்கு அந்தத் தொகை சென்றது. கார் இல்லாமலேயே காருக்கு விலை ஏறிய அந்த வாரத்தில் எங்கள் தொலைபேசி மறுபடியும் ஓயவில்லை.

மார்ச் மாதம் முதல் கார்கள் டீலர்களை வந்தடைந்துகொண்டிருந்தபோதே கோவிட் வந்தது. மார்ச் பிற்பகுதியில் நின்ற ஆலை மே மாத இறுதியில்தான் திறந்தது. 2020 மாடலுக்கு ஆர்டர் வாங்குவது நிறுத்தப்பட்டது. மிஞ்சியவர்கள் 2021 மாடலுக்குத் தள்ளப்பட்டார்கள். அதன் தொடக்க விலை 1,000 டாலர் கூடியிருந்தது. முதல் ஆண்டில் மொத்தமாகக் கட்டப்பட்டவை 20,000த்தைச் சற்றே தாண்டின. பிறகு 2021 டிசம்பரில் சூறாவளி பௌலிங் கிரீனைத் தாக்கி, ஆலையின் கூரையைச் சேதப்படுத்தி, கட்டி முடித்தவையும் முடிக்காதவையுமாக நூற்று இருபதுக்கும் மேற்பட்ட கார்களைப் பயனற்றவையாக்கியது. அவற்றுள் ஒன்றுக்குச் சொந்தக்காரர் என்று தன்னை நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, அது மறுபடி முதலிலிருந்து கட்டப்படும் என்று சொல்லும் தொலைபேசி அழைப்பு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வேலைநிறுத்தத்தையும் புயலையும் யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் தாமதத்துக்கான இன்னொரு காரணம் வாடிக்கையாளரின் கையிலேயே இருக்கிறது. புதிய மாடலின் முதல் மாதங்களில் சில பாகங்கள் போதிய அளவில் வருவதில்லை. ஒரு குறிப்பிட்ட சக்கரம், ஒரு நிறத்து சீட் பெல்ட், கார்பன் ஃபைபர் இறக்கை என்று ஏதாவது ஒன்று தட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும். அதைக் கேட்கும் ஆர்டர், டீலரிடம் ஒதுக்கீடு இருந்தாலும் நகராது. பொறியாளரின் ஆர்டரை 2020 கோடையில் எங்கள் கடைக்கு மாற்றினோம். அது வாரக்கணக்கில் அசையாமல் இருந்ததற்குக் காரணம், அவருக்குப் பெரிய ஆசை ஒன்றுமில்லாத ஓர் அலங்காரப் பாகம். யாரோ சொன்னார்கள் என்று சேர்த்திருந்தார். அதை நீக்கினோம்; அடுத்த சுற்றிலேயே குறியீடு நகர்ந்தது. உங்கள் ஆர்டரில் எந்தப் பாகம் தட்டுப்பாட்டில் இருக்கிறது என்று மாதம் ஒருமுறை கேளுங்கள். டீலர் தானாக அழைத்துச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது, என் தொழில்காரர்களை நான் குறை சொல்வதாக இருந்தாலும், வீண்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேதியும் விலையும் ஒட்டிப் பிறந்தவை. அமெரிக்காவில் நிறுவனம் அச்சிடுவது பரிந்துரைக்கும் விலை மட்டுமே; விற்கும் விலையைத் தீர்மானிப்பவர் டீலர். "அடுத்த மாதமே தருகிறேன், மேலே 20,000 கொடுங்கள்" என்பது காத்திருப்பவரின் பொறுமைக்குப் போடும் விலை. வழக்கம் அளவு மீறிப் போகவே, பரிந்துரை விலைக்கு மேல் கேட்டு முன்பதிவுகளைப் பிடித்துவைக்கும் டீலர்களின் ஒதுக்கீடு வேறு இடத்துக்குத் திருப்பப்படலாம் என்று 2022 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸே தன் டீலர்களுக்குக் கடிதம் எழுதியது. ஆகவே அட்வான்ஸ் ரசீதில், வண்டி வரும்போது என்ன விலை என்பதையும் எழுதி வாங்குங்கள். 2021 அக்டோபர் 26 அன்று கார்வெட்டின் இசட்06 ரகம் அறிமுகமானபோது நிறுவனம் விலையையே அறிவிக்கவில்லை. அது தெரிய மாதக்கணக்கானது. உற்பத்தி தொடங்க ஏறக்குறைய ஓராண்டு ஆனது. அறிமுகமான வாரத்திலேயே அட்வான்ஸ் கட்டியவர்கள் எந்த விலைக்குக் கட்டினார்கள் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

கட்டி முடிந்த காரும் உடனே கிளம்புவதில்லை. 4பி00 என்ற குறியீடு, கார் லாரிக்காகக் காத்து ஆலை வளாகத்தில் நிற்பதைக் காட்டும். அந்தத் திசையில் போகும் லாரி கிளம்ப, அது கார்களால் நிரம்ப வேண்டும். சில நேரம் தரச் சோதனைக்காக ஒரு வரிசையையே நிறுத்திவைப்பார்கள். பொறியாளரின் கார் பத்தொன்பது நாட்கள் அங்கே நின்றது. கட்டி முடிப்பதற்கு முன் ஒரு வருடத்துக்கும் மேல் பொறுத்தவர், அந்தப் பத்தொன்பது நாட்களில் என்னைப் பதினொரு முறை அழைத்தார். அவசரம் தாங்காதவர்களுக்கு ஆர்8சி என்ற வாய்ப்பு உண்டு: ஆலைக்கு அருகிலேயே உள்ள தேசிய கார்வெட் அருங்காட்சியகத்துக்கு நேரில் போய்க் காரைப் பெற்று ஓட்டிக்கொண்டு வரலாம். அதற்குத் தனிக் கட்டணமும் தனி வரிசையும் உண்டு என்பதால், அது எப்போதும் விரைவான வழி என்று நினைத்துவிட வேண்டாம்.

2021 வசந்த காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருடைய கார் லாரியிலிருந்து இறங்கியது. குறியீடு 5000, அதாவது டீலரிடம் வந்து சேர்ந்துவிட்டது. அரை மணி நேரத்தில் அவர் வந்துவிட்டார். வெள்ளை உறைக்குள் இருந்த காரை ஒரு சுற்று சுற்றி வந்து, "சாவியைக் கொடுங்கள்" என்றார். இன்னும் 6000 ஆகவில்லை சார் என்றேன்; அதுதான் கார் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்டதைக் காட்டும் குறியீடு. உறையைக் கழற்ற வேண்டும், டயர் காற்றழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும், திரவ அளவுகளையும் மென்பொருளையும் பார்க்க வேண்டும், குறைபாட்டைச் சரிசெய்ய நிறுவனம் விடுக்கும் திரும்ப அழைப்பு ஏதும் அந்தக் காருக்கு நிலுவையில் இருக்கிறதா என்று தேட வேண்டும். நிலுவையில் இருந்தால், சரிசெய்யாமல் புதிய காரை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. பட்டறையில் எங்கள் ஆட்கள் அந்த வேலையைச் செய்து முடிக்க மதியம் மூன்றரை ஆனது. அதுவரை அவர் காத்திருப்பு அறைக்குப் போகாமல், பட்டறைக் கதவின் கண்ணாடிச் சதுரத்துக்கு வெளியே, ஆறிப்போன காபியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.