மாதிரி நிரல் எழுதுகிறீர்களா? அது அப்படியே ஒட்டப்படும்

மே மாத சீசனின் உச்சம். கோத்தகிரியில் வீட்டு மாடியைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடும் ஓர் அக்கா இரவு எட்டு மணிக்கு போன் செய்தார். "தம்பி, ரெண்டு பேர்னு பதிவாகியிருக்கு, அஞ்சு பேர் வந்து நிக்கிறாங்க. கூட்டல் பட்டனை ஒருதடவை அமுக்கினதுமே 'பதிவு முடிந்தது'ன்னு வந்துடுச்சுன்னு சொல்றாங்க. இது மூணாவது தடவை." அவர் ஒரே ஓர் அறையைத்தான் ஒதுக்கி வைத்திருந்தார். வந்தவர்களோடு இரண்டு சிறு குழந்தைகள். பக்கத்து வீட்டில் அறை கேட்டு வாங்கி அன்றிரவைச் சமாளித்தார்.

முன்பதிவுக்கான அந்த வெப் பக்கத்தைச் செய்து கொடுத்தது அவருடைய அண்ணன் மகன். கல்லூரியில் படிக்கிறவன். விருந்தினர் எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் இருந்த இரண்டு பட்டன்களும் மாதிரி நிரல்களின் ஒரு பொதுத் தொகுப்பில் இருந்து எடுத்து ஒட்டப்பட்டவை. திறந்து பார்த்தேன். இரண்டு வருடங்களுக்கு முன்னால் நானே எழுதி அந்தத் தொகுப்புக்குக் கொடுத்த மாதிரி அது.

என்ன நடந்தது என்றால், பட்டன் டேக்கில் 'டைப்' எதுவும் எழுதாமல் விட்டால், ஃபார்முக்குள் இருக்கும்போது பிரவுசர் அதைச் சமர்ப்பிக்கும் பட்டனாகவே எடுத்துக்கொள்ளும். வெப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லின் விதியே அதுதான். நான் மாதிரியை ஃபார்ம் இல்லாமல் தனியாக வைத்துச் சோதித்திருந்தேன். அங்கே ஒழுங்காக வேலை செய்தது. அந்தப் பையன் அதை ஃபார்முக்குள் ஒட்டினான். பெயரும் போன் எண்ணும் நிரப்பிவிட்டு, கூட்டல் பட்டனைத் தொட்ட உடனே 1 என்பது 2 ஆனது, அடுத்த நொடியே ஃபார்ம் அனுப்பப்பட்டுவிட்டது. 'டைப்' என்பதற்கு 'பட்டன்' என்று ஒரே ஒரு மதிப்பு கொடுத்திருந்தால் அந்தக் குழந்தைகள் குளிரில் நின்றிருக்க மாட்டார்கள். அவன் மேல் தவறே இல்லை. மாதிரி என்று சொல்லிக் கொடுத்தது நான்.

அன்றிலிருந்து மற்றவர்கள் அனுப்பும் மாதிரிகளை ரிவ்யூ செய்யும்போது ஒரே ஒரு கேள்வியை முன்னால் வைத்துக்கொள்கிறேன்: இதை எதுவும் படிக்காமல் அப்படியே ஒட்டினால் என்ன ஆகும்? குன்னூர், கூடலூர் பக்கத்து மாணவர்கள் சிலர் எழுதி அனுப்புகிறார்கள். "அண்ணா, வேலை செய்யுதே, அப்புறம் எதுக்கு மாத்தணும்?" என்று கேட்பார்கள். உங்கள் பக்கத்தில் வேலை செய்கிறது, சரி. ஒட்டப்படும் பக்கத்தில் என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியாதே.

ஒரு மாதிரியை ஒரே பக்கத்தில் இரண்டு தடவை ஒட்டுவது சாதாரணம். முதல் விருந்தினருக்கு ஒன்று, இரண்டாமவருக்கு ஒன்று. மாதிரியில் பெட்டியின் ஐடி, அதாவது பக்கத்தில் ஒன்றுக்கு மட்டுமே இருக்க வேண்டிய அடையாளம், 'பெயர்' என்று இருந்தால் இப்போது ஒரே ஐடியில் இரண்டு பெட்டிகள். பெட்டியின் பெயரைக் காட்டும் இரண்டாவது லேபிளைத் தொட்டால் கர்சர் முதல் பெட்டிக்குப் போகும். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவருக்கு இரண்டாவது பெட்டி பெயரே இல்லாத பெட்டியாகிவிடும். அதனால் ஐடியைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். பெட்டியை லேபிளுக்குள்ளேயே வைத்தால் ஐடி தேவைப்படாது. தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கிளாஸின் பெயருக்கும் இதே கவலை உண்டு. 'கார்டு', 'பாக்ஸ்' என்று வெறும் பெயர் வைத்தால், ஒட்டப்படும் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் 'கார்டு' குலைந்துபோகும். முன்னால் ஒரு சிறு அடையாளம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொதுவான டிவ் டேக்கில் கிளிக்கை மாட்டிப் பட்டன் என்று காட்டும் மாதிரிகள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. டேப் விசையில் அது நிற்காது, என்டர் தட்டினால் திறக்காது, ஸ்கிரீன் ரீடர் அதைப் பட்டன் என்றே சொல்லாது. இதையெல்லாம் ஸ்கிரீன் ரீடருக்குத் தகவல் சொல்லும் ஏரியா பண்புகளாலும் ஜாவாஸ்கிரிப்ட்டாலும் திரும்பக் கட்டுவதற்கு ஆகும் வரிகளைப் பார்த்தால், பட்டன் டேக் ஒன்றை எழுதிவிட்டுப் போகலாம். லேபிளுக்குப் பதில் பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் பிளேஸ்ஹோல்டரை மட்டும் வைப்பதும் அப்படித்தான். தட்டச்சு செய்யத் தொடங்கியதும் மறைந்துவிடும், பாதியில் நிறுத்தியவருக்கு இது எந்தப் பெட்டி என்று தெரியாது. கீபோர்டில் இப்போது எங்கே நிற்கிறோம் என்று காட்டும் ஃபோகஸ் கோட்டை 'அழகாக இல்லை' என்று எடுத்துவிட்டு அனுப்புபவர்களுக்கு நான் மாதிரியைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அதில் மட்டும் சமரசம் இல்லை.

நம் மொழிக்காரர்கள் எழுதும் மாதிரிகளிலேயே நம் பெயர்கள் நுழைய முடியாமல் இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டாயப் பெட்டிகள். நம்மில் பெரும்பாலோருக்குக் கடைசிப் பெயர் ஏது? இனிஷியல்தானே. கட்டாயம் என்பதால் இனிஷியலைப் போடுவார்கள், அடுத்த சோதனை 'குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்' என்று தடுக்கும். 'முழுப் பெயர்' என்று ஒரே பெட்டி போதும்.

பெயரில் ஆங்கில எழுத்துகளை மட்டும் அனுமதிக்கும் சோதனைகளும் நிறைய. இதைத் திருத்தச் சொன்னால், யூனிகோடில் 'எழுத்து' என்ற வகையை அனுமதித்துவிட்டு முடிந்தது என்று நினைப்பார்கள். முடியவில்லை. தமிழின் கால், கொம்பு, சுழி, புள்ளி எதுவும் யூனிகோடில் 'எழுத்து' வகையில் வராது, 'குறி' என்ற தனி வகையில் வரும். அதையும் அனுமதிக்காவிட்டால் 'நீலகிரி' என்ற சொல் இரண்டாவது குறியீட்டிலேயே மாட்டிக்கொள்ளும். எழுத்தை எண்ணுவதிலும் இதே சிக்கல். 'கோத்தகிரி' என்பது நம் கண்ணுக்கு 5 எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டின் 'லெங்த்' 9 என்று சொல்லும். பெட்டியில் அதிகபட்ச நீளம் வைத்தால் பிரவுசரும் அந்தக் கணக்கில்தான் வெட்டும், பாதி எழுத்திலும் வெட்டும். கண்ணுக்குத் தெரிவதுபோல எண்ண ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே 'இன்டல் செக்மென்டர்' இருக்கிறது. 2024 முதல் எல்லா முக்கியப் பிரவுசர்களிலும் வேலை செய்கிறது. எழுத்து எண்ணிக்கை காட்டும் மாதிரி என்றால் அதைப் பயன்படுத்துங்கள்.

பின்கோடு பெட்டிக்கு 'நம்பர்' டைப் வைக்காதீர்கள். 643217 என்பது கூட்டிக் கழிக்கும் எண் இல்லை. மவுஸ் சக்கரம் பட்டால் 643218 ஆகிவிடலாம். டெக்ஸ்ட் டைப் வைத்து, 'இன்புட்மோடு' பண்பில் எண் விசைப்பலகையைக் கேளுங்கள்.

அப்புறம் உயரம், அகலம். ஆங்கிலத்தில் 'புக்' என்று நான்கே எழுத்துக்கு அளவெடுத்து அகலத்தையும் உயரத்தையும் பிக்ஸலில் பூட்டி வைத்திருப்பார்கள். 'பதிவு செய்க' என்று மாற்றியதும் சொல் இரண்டு வரியாகும், மேலே 'தி'யின் சுழி வெட்டுப்படும், கீழே 'வு' கால் இழந்து நிற்கும். உயரத்தைப் பூட்டாமல் உள்வெளி (பேடிங்) கொடுங்கள். விரலால் தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்ஸல் வேண்டும் என்று 2023இல் வந்த வெப் அணுகல் நெறிமுறை 2.2 சொல்கிறது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1.

மாதிரியில் போடும் முகவரிகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நீங்களாகவே ஒரு டொமைன் பெயரைக் கற்பனை செய்து எழுதினால், அது யாருக்காவது சொந்தமாக இருக்கலாம், நாளைக்கு யாராவது வாங்கலாம். ஒட்டியவர் மாற்ற மறந்தால் விருந்தினர்களின் போன் எண்கள் எல்லாம் அங்கே போகும். 'எக்ஸாம்பிள் டாட் காம்' இதற்காகவே 1999இல் ஒதுக்கிவைக்கப்பட்டது. யாராலும் வாங்க முடியாது. அதையே எழுதுங்கள். போன் எண் இடத்தில் உங்கள் நண்பருடைய எண்ணை விளையாட்டுக்குக்கூடப் போடாதீர்கள்.

பயனர் எழுதியதைப் பக்கத்தில் காட்ட 'இன்னர்எச்டிஎம்எல்' பயன்படுத்தும் மாதிரியும் ஆபத்துதான். யாராவது பெயர்ப் பெட்டியில் நிரலை எழுதினால் அது ஓடிவிடக்கூடும். எழுதியதை வெறும் எழுத்தாகவே காட்ட 'டெக்ஸ்ட்கன்டென்ட்' இருக்கிறது.

இடைவெளி எத்தனை, ஒற்றை மேற்கோளா இரட்டையா என்ற சண்டைக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். நிரலை ஒழுங்குபடுத்தும் கருவியான பிரிட்டியரை ஓட்டினால் இரண்டு இடைவெளி, இரட்டை மேற்கோள், 80 எழுத்து வரி என்று அதுவே ஒழுங்குபடுத்திவிடும். வெப் நிரல் பற்றிய ஆவணங்கள் உள்ள எம்டிஎன் தளத்திலும் அதைத்தான் ஓட்டுகிறார்கள்.

நிழல், கிரேடியன்ட், துள்ளி வரும் அசைவு எல்லாவற்றையும் ஒரே மாதிரியில் சேர்த்து அனுப்புபவர்களிடம் நான் கவாத்து வெட்டச் சொல்வேன். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வேலை. வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும், கொழுந்து கைக்கு எட்டாது. டேப் பட்டியை (தலைப்புகளைத் தட்டிப் பகுதி மாறும் பட்டி) காட்டும் மாதிரி என்றால் டேப் பட்டிக்கு வேண்டிய வரிகள் மட்டும் இருக்கட்டும். வெளியே இருந்து நூலகம் எதையும் இழுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. ஐப்பசி மழையில் இங்கே நெட்வொர்க் பாதி நாள் தள்ளாடும். வெளியிலிருந்து வர வேண்டிய ஃபைல் வராவிட்டால் பட்டன் வெறும் படமாக நிற்கும்.

இப்போது ஒரு சோதனைப் பக்கம் வைத்திருக்கிறேன். தமிழில் ஒரு ஃபார்ம். வரும் மாதிரியை அதற்குள் இரண்டு தடவை ஒட்டுவேன், மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு கீபோர்டால் மட்டும் நிரப்புவேன், எழுத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்குவேன். போன வாரம் கேத்தி பக்கத்து மாணவி ஒருவர் கேரட் மூட்டைக் கணக்கு எழுத ஒரு எண்ணிக்கைப் பெட்டி அனுப்பியிருந்தார். பட்டன்களுக்கு டைப் இருந்தது, ஐடி மோதவில்லை, கீபோர்டில் எல்லாம் ஓடியது. எழுத்தைப் பெரிதாக்கியதும் கழித்தல் பட்டன் எண்ணின் மேல் ஏறிவிட்டது. குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினேன். நேற்று இரவு திருத்தி அனுப்பிவிட்டார், இன்று மாலை ஒட்டிப் பார்க்க வேண்டும்.