உப்ப வைக்கும் மான்கொம்பு உப்பு

ஒஸ்லோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பல ஆண்டுகளாக நார்வேயில் வாழ்பவர். போன டிசம்பரில் பக்கத்து வீட்டுப் பெண்மணி, தன் அம்மம்மா கைப்பட எழுதிவைத்த சமையல் குறிப்பைக் கொண்டுவந்திருக்கிறார். நார்வே மொழியில் அம்மாவுக்கு 'மூர்', அம்மாவின் அம்மாவுக்கு 'மூர்மூர்'. அச்சு அசலாக நம் அம்மம்மா! இருவரும் சேர்ந்து கிறிஸ்துமஸ் பிஸ்கட் சுட்டிருக்கிறார்கள்.

"பேக்கிங் அவன் கதவைத் திறந்ததும் மாட்டுக்கொட்டில் மாதிரி ஒரு நெடி. கண் எரிஞ்சுபோச்சு. அவவோ கண்ணை மூடிக்கொண்டு, 'இப்பத்தான் கிறிஸ்மஸ் வந்திருக்கு' எண்டு சிரிக்கிறா. ஆறவைச்சுச் சாப்பிட்டால் அந்த நெடியின் சுவடே இல்லை. கேட்டால், மான்கொம்பு உப்பு எண்டு ஒரு வெள்ளைப் பொடியைக் காட்டினா. இது நஞ்சில்லையா? சைவமா? பேக்கிங் பவுடர் போட்டால் ஆகாதா?"

மூன்று கேள்விகளும் அருமையானவை. மூன்றுக்கும் விடை அந்தப் பொடிக்குள்ளேயே இருக்கிறது.

நார்வே வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு ஏழு வகைப் பலகாரம் செய்வது மரபு. எந்த ஏழு என்பது வீட்டுக்கு வீடு மாறும். அடுப்போடு இணைந்த அவன் பரவலாக வருவதற்கு முன்பிருந்தே வழங்கிவரும் வகைகள் சில உண்டு. இரும்பு அச்சுகளுக்கிடையே மாவை ஊற்றித் தீயில் காட்டிச் சுருட்டும் 'க்ரும்காக்கர்', கொழுப்பில் பொரிக்கும் 'ஃபத்திமன்' போன்றவை அவை. வாசகியின் வீட்டில் செய்தது 'சிருப்ஸ்னிப்பர்'. கருஞ்சிரப், வெண்ணெய், கிரீம், இஞ்சி, மிளகு, சோம்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்த மாவை ஓர் இரவு குளிரில் வைத்து, மறுநாள் மெல்லிசாகத் தேய்த்து, டைமன் வடிவத்தில் வெட்டி, நடுவில் அரை பாதாமைப் பதித்துச் சுடுவார்கள். அதில்தான் மான்கொம்பு உப்பு வருகிறது. கூடவே சமையல் சோடாவும் கொஞ்சம் போடுவதுண்டு.

பெயர் வந்த வழி எளிது. அந்தக் காலத்தில் மான் கொம்பையும் குளம்பையும் காற்றுப் படாமல் சூடாக்குவார்கள். அவற்றின் புரதத்தில் இருக்கும் நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியேறி, கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து வெள்ளை உப்பாகப் படியும். மயங்கி விழுந்தவரின் மூக்கருகே பிடித்து எழுப்பவும் அதே உப்புதான். இன்று விற்கும் பொடி அமோனியம் பைகார்பனேட். தொழிற்சாலையில் அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடு, நீர் மூன்றையும் கொண்டு தயாராவது. எந்த மானுக்கும் இதில் சம்பந்தமில்லை. ஆக, சைவம்தான்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

சமையல் சோடாவை வெறுமனே சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் போக, சோடியம் கார்பனேட் தங்கிவிடும். துணி துவைக்கும் சோடா அதுவேதான். 100 கிராம் சமையல் சோடாவில் 63 கிராம் இப்படிப் பின்தங்கும். மாவில் அதைச் சமன்செய்ய அமிலம் போதவில்லை என்றால் சோப்புச் சுவை தட்டுவது இதனால்தான். பேக்கிங் பவுடரில் அந்த அமிலத்தையும் சேர்த்தே வைத்திருப்பார்கள். அப்போதும் வேறு ஏதோ ஓர் உப்பு மாவில் தங்கத்தான் செய்யும்.

அமோனியம் பைகார்பனேட்டில் தங்குவதற்கென்று எதுவுமே இல்லை. சுமார் 60 டிகிரி சூட்டில் அது வேகமாக உடைகிறது. ஒரு மூலக்கூறிலிருந்து ஓர் அம்மோனியா, ஒரு கார்பன் டை ஆக்சைடு, ஒரு நீர். அவனின் சூட்டில் மூன்றும் வாயு. 1 கிராம் பொடி முழுதாக உடைந்தால், 100 டிகிரியில் ஒரு லிட்டருக்கும் அதிகமான வாயு கிடைக்கும். ஒரு சிட்டிகைப் பொடி அத்தனை இடத்தை அடைக்கிறது! தட்டில் திறந்து வைத்தால் கற்பூரம் போல நாளடைவில் காணாமலே போகும். ஆனால் கற்பூரம் கற்பூரமாகவே ஆவியாகிறது. இது மூன்றாகப் பிரிந்து போகிறது. அதனால்தான் நார்வேக்காரர்கள் இந்தப் பொடியை இறுக மூடிய டப்பாவில் வைக்கிறார்கள்.

60 டிகிரி என்பது மிகச் சரியான நேரத்தில் வரும் சூடு. அதற்குள் வெண்ணெய் உருகி மாவு தளர்ந்திருக்கும், ஆனால் இன்னும் இறுகியிருக்காது. அந்தத் தருணத்தில் வாயு ஒரே மூச்சில் கிளம்பி மாவுக்குள் நுண்ணிய வழிகளைத் திறக்கிறது. பின்னால் நீராவியும் அந்த வழிகளிலேயே வெளியேறுகிறது. உள்ளே நன்றாக உலர்ந்த பிஸ்கட் ஆறியதும், சர்க்கரைப் பாகு கண்ணாடி போல இறுகி, கடித்தால் மொறுக்கென்று உடைகிறது. பேக்கிங் பவுடர் போட்டாலும் பிஸ்கட் வரும். ஆனால் அம்மம்மா சுட்ட அந்த மொறுமொறுப்பு வருவது கடினம்.

சரி, இவ்வளவு நல்ல பொடியைக் கேக்கில் ஏன் போடுவதில்லை? பள்ளியில் அம்மோனியா நீரூற்றுச் சோதனை பார்த்திருப்பீர்கள். குடுவைக்குள் சில துளி நீர் நுழைந்ததும் வாயு முழுவதும் அதில் கரைந்து, கீழே இருக்கும் நீர் பீறிட்டு மேலே ஏறும். சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் சுமார் 700 லிட்டர் அம்மோனியாவை விழுங்கும். கேக் ஈரமானது. அம்மோனியா அந்த ஈரத்தில் மாட்டிக்கொண்டு, வாயில் வைக்க முடியாதபடி செய்துவிடும். சுட்ட பிஸ்கட்டிலோ ஈரம் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஒளிய இடமில்லாமல் அம்மோனியா முழுதும் வெளியே வருகிறது. வாசகியின் கண்ணை எரித்தது பிஸ்கட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்த அம்மோனியாதான். மாவை 3 மில்லிமீட்டருக்குத் தேய்க்கச் சொன்ன பாட்டிமார்கள் வேதியியல் படித்ததில்லை. நாக்கும் மூக்கும் சொல்லிக்கொடுத்த கணக்கு அது.

நஞ்சா என்ற கேள்விக்கு வருவோம். அம்மோனியா போய்விடுகிறது, அந்தப் பயம் வேண்டாம். உணவில் எண் போட்ட பொருள் எதைக் கண்டாலும் 'கெமிக்கல்' என்று மிரட்டும் வாட்ஸாப் செய்திகள் எனக்குக் கோபமூட்டுகின்றன. இந்தியக் கடைகளில் வாங்கும் பிஸ்கட் பாக்கெட்டுகள் பலவற்றிலும் 503 என்ற எண் இருக்கும், பாருங்கள். இதே குடும்பம்தான்.

ஆனால் உண்மையான கவலை ஒன்று உண்டு. போகும் வழியில் அம்மோனியா சர்க்கரையை உடைத்து, மாவிலுள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தோடு எளிதில் வினைபுரியும் துண்டுகளாக்குகிறது. விளைவு, அக்ரிலமைடு கூடுகிறது. புற்றுநோயைத் தூண்டக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள் இது. சமையல் சோடாவுக்கு மாறினால் அது வெகுவாகக் குறைகிறது.

உணவில் இது இருப்பது தெரியவந்த கதை நார்வேயின் பக்கத்து நாடான ஸ்வீடனில் நடந்தது. 1997இல் ஹாலாந்த்சோஸ் ரயில் சுரங்கப் பணியில் பயன்படுத்திய அடைப்புப் பொருளிலிருந்து அக்ரிலமைடு நீரில் கசிந்தது. மீன்கள் செத்தன, மாடுகள் தள்ளாடி விழுந்தன. தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வாளர்கள், ஒப்பிடுவதற்காகச் சுரங்கத்தின் பக்கமே போகாதவர்களின் ரத்தத்தையும் பார்த்தார்கள். அதிலும் அக்ரிலமைடின் தடயம்! அது எங்கிருந்து வருகிறது என்று விடாமல் தேடிப் போனதில், 2002இல் விடை கிடைத்தது: சூடாக்கிய மாவுச்சத்து உணவுகள். 'ஒன்றும் ஆகாதவர்களின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்' என்று நம் ஊரில் ஒருவர் நிதி கேட்டால், 'இதனால் என்ன பயன்' என்ற கேள்விதான் முதலில் வரும். அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே விடை சொல்ல முடியாத ஆய்வுகளுக்கும் நாம் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வாசகிக்கு: வருடத்துக்கு ஒருமுறை செய்யும் பலகாரம், பயப்படாமல் சாப்பிடுங்கள். கருக விடாமல் பொன்னிறத்திலேயே எடுத்துவிடுங்கள். பச்சை மாவைப் பிள்ளைகள் நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் கதவைத் திறக்கும்போது ஜன்னலையும் திறந்து ஓரடி தள்ளி நில்லுங்கள். நெடி அடங்கியதும் இஞ்சியும் சோம்பும் மணக்கத் தொடங்கும்.