ஆதாரைக் காட்டினால் ஆச்சா?

நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கமிருந்து வரும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பத்தினர் வக்கீலான என் மேசையில் முதலில் எடுத்து வைப்பது ஆதார் கார்டைத்தான். போன வாரம் வந்த பெரியவரும் அப்படியே. மகளின் பாஸ்போர்ட் விசாரணையில் "நீங்க சிலோன்காரர்தானே" என்று பேச்சு வந்து, குடியுரிமையை நிரூபிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. பதில் போடவில்லை. "ஓட்டுப் போடுறேன், டேன்டீயில, அதான் அரசுத் தேயிலைத் தோட்டத்துல, ரிட்டயர் ஆனேன், என்ன பண்ணிருவாங்க சார்?"

சரி, இன்னொரு முறை சொல்கிறேன். ஆதார் குடியுரிமைச் சான்று அல்ல. ஆதார் சட்டத்தின் 9-வது பிரிவே அப்படித்தான் சொல்கிறது. இங்கே தங்கியிருக்கும் வெளிநாட்டவருக்கும் ஆதார் உண்டு. ரேஷன் கார்டு, பான், கேஸ் புக் எல்லாம் அதே கதைதான். வாக்காளர் அட்டை கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் அது மட்டும் போதாது. நீங்கள் வெளிநாட்டவர் இல்லை என்று காட்டும் பொறுப்பும் உங்கள் தலையில்தான். 1946-ம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தில் இருந்த அதை 2025-ம் ஆண்டுப் புதுச் சட்டமும் வைத்துக்கொண்டது.

அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொண்ட 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டோடுதான் கப்பல் ஏறினார்கள். அந்தப் பாஸ்போர்ட்டும், தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டையும்தான் (ரேஷன் கார்டு அல்ல) உங்கள் வழக்கே. பெரியவரிடம் நாலு முறை கேட்ட பிறகுதான் பூஞ்சணம் பிடித்த பாஸ்போர்ட் ஒன்று வெளியே வந்தது. முத்திரை பாதி தெரிகிறது. தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், அப்படியே கொண்டு வாருங்கள்.

அப்புறம் பிறந்த தேதி. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும், பிறப்பால் இந்தியர். மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதே அடிப்படையில்தான் பாஸ்போர்ட் தரச் சொன்னது. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன் வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதன்பின் விதி இன்னும் இறுகிவிட்டது. தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து, பிறப்பைப் பதியாமலே விட்டவர்கள் இப்போதே தாமதப் பதிவுக்கு மனுப் போடுங்கள்.

1983-க்குப் பிறகு படகில் அகதியாக வந்தவர்களின் வழி வேறு. சில அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை வழி திறந்த 2019 சட்டத் திருத்தத்தில் இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்கு ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். உடனே "எங்களுக்குக் குடியுரிமை வந்துருச்சு" என்று ஸ்வீட்டோடு வருகிறார்கள். வரவில்லை, ஐயா.

நோட்டீஸ் வந்தால் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். எந்த ஆதாரத்தில் சந்தேகப்படுகிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். வெறும் சந்தேகத்தில் யாரையும் அந்நியர் என்று இழுக்க முடியாது, பெயரில் வரும் சின்ன எழுத்து வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளவும் கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தோட்டப் பதிவேட்டில் முத்தையா மூன்று விதமாக இருப்பது நமக்குத் தெரியாததா? வெளியேற்றும் உத்தரவே வந்துவிட்டால் உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்த்து ரிட் மனு, உடனே இடைக்காலத் தடை. நீலகிரிக்கு மதுரை அல்ல, சென்னை. பஸ் ஏறுமுன் தெரிந்துகொள்ளுங்கள்.

படிக்கத் தெரியாத இங்கிலீஷ் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். "இலங்கைக் குடிமகனாகிய நான்" என்று அதில் இருந்தால் அப்புறம் நான் என்ன வாதாடுவது? சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்கிற புரோக்கரிடம் போகாதீர்கள், போலி ஆவணம் தனி வழக்காகும். காசில்லை என்று தள்ளிப்போடவும் வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்புகூடக் கிடையாது.