காய்ச்சல் விட்ட பிறகு நெஞ்சு வலித்தால்

பினாங்கில் இதய நோய்ப் பிரிவில் பணிபுரிகிறேன். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு நெஞ்சு வலித்தால் வீட்டார் பதறியடித்துக்கொண்டு அழைத்து வந்துவிடுகிறார்கள். தாமதமாக வருவது இருபத்தைந்து வயதுக்காரர்தான். வாயுத் தொல்லை என்று தைலம் தேய்த்திருப்பார். ஃபுட்சால் ஆடியதில் சதை பிடித்துக்கொண்டது என்று பொன்ஸ்தான் வலி மாத்திரை விழுங்கியிருப்பார். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்ற நிலை வந்த பிறகே அவசரப் பிரிவின் வாசலை மிதிப்பார்.

அவரிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "போன வாரமோ அதற்கு முந்தைய வாரமோ காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு ஏதாவது வந்ததா?" பதில் பெரும்பாலும் அம்மாவிடமிருந்து வரும். "ஆமாம் டாக்டர், இரண்டு நாள் மருத்துவ விடுப்பு எடுத்தான். அப்புறம் சரியாகிவிட்டது."

காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் கிருமி கிளப்பிய சண்டை ஓயவில்லை. வைரஸை விரட்டக் கிளம்பிய நோய் எதிர்ப்பாற்றல் இதயத்தின் தசையையும் சேர்த்துத் தாக்குகிறது. இதுதான் இதயத் தசை அழற்சி. மயோகார்டைட்டிஸ் என்று எங்கள் அறிக்கையில் எழுதுவோம். காக்சாக்கி, பார்வோ, அடினோ, சளிக்காய்ச்சல், கோவிட் என்று பல வைரஸ்கள் இதற்குக் காரணமாகலாம். நம் நாட்டில் டெங்கியையும், நீர்வீழ்ச்சியில் குளித்துவிட்டு வந்தவருக்கு எலிக்காய்ச்சலையும் மறக்கக் கூடாது. மனநலத்துக்குத் தரும் குளோசபின், சில வகைப் புற்றுநோய் மருந்துகள் ஆகியவையும் அரிதாக இதை உண்டாக்கும். கோவிட் தடுப்பூசியைப் பற்றிக் கேட்காத ஆளே இல்லை. எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசிக்குப் பின் இது வந்தது உண்மை. ஆனால் அது மிக அரிது. பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு, இரண்டாவது ஊசி போட்ட சில நாள்களுக்குள் வந்தது. அநேகம் பேர் விரைவில் தேறினார்கள். கோவிட் தொற்றே இதயத்தைத் தாக்கக்கூடியது என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

கண்டுபிடிப்பது சுலபமில்லை. இ.சி.ஜி. மாரடைப்பைப் போலவே தோன்றலாம். தசை சேதமடைவதால் இரத்தத்தில் டிரோபோனின் என்ற இதயத் தசைப் புரதமும் ஏறியிருக்கும். ஆகவே பலருக்கு ஆஞ்சியோகிராம் செய்து இதய இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிறோம். அடைப்பு இல்லை என்றதும் வீட்டார் முகம் மலரும். "அப்படியென்றால் வீட்டுக்குப் போகலாமா?" என்பார்கள். போக முடியாது. டிரோபோனின் ஏன் ஏறியது என்ற கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லையே.

அந்த விடையைப் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. தருகிறது. கடோலினியம் என்ற மருந்தை நரம்பில் ஏற்றிச் சில நிமிடங்கள் கழித்துப் படமெடுத்தால், காயம்பட்ட தசை வெள்ளையாகத் தெரியும். மாரடைப்பின் காயம் இதயச் சுவரின் உள்பக்கத்தில் தொடங்கி, அடைபட்ட குழாய் இரத்தம் ஊட்டும் பகுதிக்குள் அடங்கியிருக்கும். அழற்சியின் காயமோ பெரும்பாலும் சுவரின் வெளிப்பக்கத்தில், திட்டுத்திட்டாக, எந்தக் குழாயின் எல்லைக்கும் கட்டுப்படாமல் கிடக்கும். தசையில் நீர் கோத்திருப்பதும் இதில் தெரியும். இப்படங்களைப் படிப்பதற்கு 2009இல் வெளியாகி 2018இல் திருத்தப்பட்ட லேக் லூயிஸ் அளவுகோல் இருக்கிறது. கழுத்து இரத்தநாளம் வழியாக மெல்லிய கருவியைச் செலுத்தி இதயத் தசையில் துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் வேண்டியதில்லை. நிலைமை வேகமாக மோசமாகும்போது அதுவே வழிகாட்டும். அதில் இராட்சத உயிரணு வகை அழற்சி என்று தெரிந்தால் ஸ்டீராய்டும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளும் உடனே தொடங்க வேண்டும்.

சாதாரண வைரஸ் வகைக்கு ஸ்டீராய்டு வழக்கமாகத் தருவதில்லை. ஆன்டிபயாட்டிக் கேட்டு வாதாடுபவர்கள் உண்டு. வைரஸிடம் அது பலிக்காது. இதயத்தின் துடிப்பு வலு குறைந்திருந்தால் அதற்கான மாத்திரைகள் தருவோம். துடிப்பு தாளம் தப்புகிறதா என்று மானிட்டரில் கண்காணிப்போம். இரத்த அழுத்தமே நிற்காத கடுமையான நிலையில் எக்மோ இயந்திரம் சில நாள்கள் இதயத்தின் வேலையை ஏற்றுக்கொள்ளும். அந்த நாள்களைத் தாண்டிவிட்டு நன்றாகத் தேறியவர்கள் இருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட நோயாளியை இணங்க வைக்கக் கடினமான மருந்து ஓய்வுதான். வலி போய்விட்டது, எக்கோ என்ற இதய ஸ்கேனும் பரவாயில்லை, பையன் தெம்பாக இருக்கிறான். அவனிடம் போய், பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஓட்டம், ஃபுட்சால், உடற்பயிற்சிக்கூடம் எதுவும் வேண்டாம் என்றால் முறைக்கத்தான் செய்வான். லேசான பாதிப்பு என்றால் இந்தக் காலத்தைக் குறைக்கலாம். ஆனால் அதைச் சோதனைகளைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். அழற்சி அடங்காத தசையை விரட்டி வேலை வாங்கினால் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி உயிரே போகலாம். இளம் விளையாட்டு வீரர்கள் ஆடுகளத்தில் சுருண்டு விழுவதற்கு அறியப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. காக்சாக்கி தொற்றிய எலிகளை நீந்த வைத்த பழைய ஆய்வுகளில், அவற்றின் இதயத்தில் வைரஸ் பெருகியதையே கண்டார்கள்.

தைப்பூசம் நெருங்கும்போது இந்தப் பேச்சு இன்னும் கடினமாகிறது. நேர்த்திக்கடனைத் தள்ளிப்போடச் சொல்ல எனக்கும் சங்கடம்தான். ஆனால் விரதத்தால் களைத்த உடம்போடு, காவடியைச் சுமந்து, தண்ணீர்மலை முருகன் கோயிலின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஏறுவது, சென்ற மாதம் இதயத் தசை வீங்கியிருந்தவர் செய்யும் காரியம் அல்ல. பால்குடமாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். படி அதே படிதானே!

காய்ச்சலுக்குப் பிந்தைய வாரங்களில் நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, படபடப்பு, மயக்கம், கால் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். வலி கடுமையாக இருந்தாலோ மயங்கி விழுந்தாலோ 999ஐ அழையுங்கள். மோட்டார் சைக்கிளை நீங்களே ஓட்டிக்கொண்டு வராதீர்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், பொன்ஸ்தான் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக விழுங்காதீர்கள். காய்ச்சலுக்குக் காரணம் டெங்கியாக இருந்தால் இரத்தக்கசிவு ஆபத்து கூடும். சிறு குழந்தை பால் குடிக்க மறுத்து, வியர்த்து, வேகமாக மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

விளையாட்டுக்குத் திரும்பும் முன் டிரோபோனின், எக்கோ, 24 மணி நேர இ.சி.ஜி., நடைபொறியில் ஓட வைத்துப் பார்க்கும் சோதனை ஆகியவற்றைச் செய்யச் சொல்வோம். துறைமுகத்திலோ கிடங்கிலோ மூட்டை தூக்கும் வேலையில் இருப்பவர்கள், பாரம் தூக்காத பணி தருமாறு முதலாளிக்குக் கடிதம் கேட்டால் எழுதித் தருவோம். கேட்கத் தயங்கிக்கொண்டே மறுவாரம் வேலைக்குப் போய்விடுகிறார்கள்.