“நானே போட்டுக்குவேன் டாக்டர்”

பிளஸ் ஒன் பையன், கபடியில் ரெய்டர். வலது தோள் விலகியது இது ஐந்தாவது தடவை. “முதல் தடவைதான் உயிர் போற வலி, இப்பல்லாம் நானே போட்டுக்குவேன் டாக்டர்” என்றபோது முகத்தில் லேசான பெருமை வேறு. எனக்கு அதைக் கேட்டுத்தான் பயம் வந்தது. அவ்வளவு சுலபமாக உள்ளே போகிறதென்றால், அதைப் பிடித்து வைத்திருந்தது கிழிந்து போயிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணம். தோள் அப்படியில்லை, சின்னத் தட்டில் எலுமிச்சம்பழத்தை வைத்த மாதிரி. தட்டின் ஓரத்தில் லேப்ரம் என்ற வளையம் இருக்கிறது. தூக்கிய கை பின்பக்கமாக இழுபடும்போது மேல்கை எலும்பின் பந்து போன்ற தலை முன்னால் நழுவி, அந்த வளையத்தைப் பிய்த்துவிடும். பேங்கார்ட் கிழிசல் என்போம். இருபது வயதுக்குக் கீழே, அதிலும் மோதி விளையாடும் பையன்களுக்கு, ஒருமுறை விலகினால் மறுபடி விலகும் வாய்ப்பு மிக அதிகம். ஒவ்வொரு தடவையும் தட்டின் ஓர எலும்பு தேயும், பந்தில் பள்ளம் விழும்.

முதல் தடவை விலகும்போது மைதானத்தில் யாரும் கையை இழுக்காதீர்கள். வளரும் வயதில், தோள் விலகியது போலவே தெரிவது எலும்பு முறிவாகவும் இருக்கலாம், அதை இழுத்தால் என்ன ஆகும்? ஒரு துண்டால் கையை உடம்போடு கட்டி மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள். எக்ஸ்ரே, தோளின் வெளிப்பக்கம் மரத்திருக்கிறதா என்ற சோதனை, அப்புறம்தான் தோளை உள்ளே போடுவது. சில வாரம் ஸ்லிங், பிறகு பிசியோ. எம்.ஆர்.ஐ.யில் வளையம் கிழிந்திருந்து, பையன் மறுபடி களத்தில் இறங்குவான் என்றால், நுண்துளை வழியாகத் தைத்துவிடுவதைப் பற்றி அப்போதே பேசிவிடுவேன்.

எல்லாத் தோளுக்கும் கத்தி தேவையில்லை, சரியா? கட்டைவிரலை மடக்கி முன்கையைத் தொடுகிற அளவுக்கு மூட்டுகள் தளர்வான பிள்ளைகள் சிலருக்கு அடியே படாமல் தோள் நழுவும். அவர்களுக்கு மாதக்கணக்கில் தசைப் பயிற்சிதான் முதல் வைத்தியம்.

இந்தக் கபடிப் பையனுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தோம். தட்டில் கால்வாசி எலும்பு தேய்ந்திருந்தது. தைத்தால் மட்டும் நிற்காது, பக்கத்து எலும்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஸ்க்ரூ போட்டுப் பொருத்தும் லட்டார்ஜே அறுவை. “பரீட்சை எழுதலாமா?” என்றார் அம்மா. எழுதலாம். ஆறு மாதத்துக்குக் கபடி கிடையாது என்றதும்தான் பையன் தலையைக் குனிந்தான்.